பன்னிரண்டு பேருக்கு மூன்று ரூம்

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று சாயங்காலம் பெரியத்தான் வீட்டில் கூட்டம். மே மாதம் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போவதென்று முடிவானது. முடிவானது என்று எழுதுவது ஒரு மரியாதைக்குத்தான். பெரியத்தான் முடிவு செய்து, வேனுக்கும் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் எங்களைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார். நாங்களும் கொடுத்தோம்.

இந்த டைரிக்கு இன்னும் ஆட்களைத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். பெரியத்தான் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன் அய்யாச்சாமி. அருப்புக்கோட்டை பஜாரில் இரும்புக்கடை. அவர், அவர் மனைவி செல்லக்கனி அக்கா, மகன், புது மருமகள், கல்லூரியில் படிக்கும் மகள் என்று அங்கே ஐந்து பேர். இவருடைய அக்கா இந்திராணி மதினி, மதினியின் கணவர் தர்மராஜ் அண்ணன், அவர்கள் மகள், மகளின் இரட்டைப் பையன்கள் என்று கோவில்பட்டியிலிருந்து ஐந்து பேர். நானும் இவரும். மொத்தம் பன்னிரண்டு. என் மகள் மட்டும் கோயம்புத்தூர் விடுதியில் பரீட்சை இருக்கிறது என்று தப்பித்துக்கொண்டாள். கெட்டிக்காரி.

புது மருமகள் செல்போனை நீட்டி, "மாமா, இதுலயே ரூம் புக் பண்ணிடலாம். போட்டோல்லாம் போட்டிருக்காங்க" என்றாள். பாவம், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"கண்ணால பாக்காத ரூமுக்கு எவனாச்சும் காசு கட்டுவானா?" என்றார் பெரியத்தான். "பைப்பைத் திறந்து பாக்கணும். மெத்தையை அமுக்கிப் பாக்கணும். நான் போட்டோவைப் பாத்து ஒரு ஆணிகூட வாங்க மாட்டேம்மா."

அவள் செல்போனைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எங்கள் குடும்பம் வெளியூரில் ரூம் எடுக்கும் முறை வேறு. எத்தனை பேர் போனாலும் மூன்று ரூம். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, மாப்பிள்ளைக்கு ஒன்று. மாப்பிள்ளை என்பது தர்மராஜ் அண்ணன். அவருக்கு அறுபத்திரண்டு வயது, மின்சார வாரியத்தில் ரிட்டயர் ஆகிவிட்டார், பேரன் எடுத்துவிட்டார். இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு அவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையை மற்ற ஆண்களோடு தரையில் படுக்கவிட முடியாது. அதனால் அவருக்குப் பெரிய கட்டில் போட்ட தனி ரூம். மதினி அந்த ரூமுக்குப் போவதில்லை, அவளுக்குப் பெண்களோடு இருந்து ஊர்க்கதை பேச வேண்டும். ஆக, நல்ல ரூமில் ஒரே ஒரு மனிதர் கூரையைப் பார்த்துப் படுத்திருப்பார். பக்கத்து ரூமில் பெண்கள் ஆறு பேர் தரையிலும் கட்டிலிலும் கிடப்போம். எனக்கு எப்போதும் பாத்ரூம் கதவோரம். போகிறவர்கள் எல்லோரும் என் காலை மிதித்துவிட்டு, "முழிச்சிட்டுத்தான் இருக்கியா?" என்று கேட்பார்கள்.

மே 3, சனி

ஏற்காட்டிலிருந்து போன் வந்தது. அங்கே ஒரு உறைவிடப் பள்ளியில் துணை முதல்வர் வேலை, கூடவே பெண்கள் விடுதிப் பொறுப்பு. என் மகள்தான் விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினாள். நானும் சும்மா போட்டுப் பார்ப்போமே என்றுதான் விட்டேன். பெரிய ஆசையெல்லாம் ஒன்றும் கிடையாது. ஒரே பள்ளியில் இருபத்தோரு வருடம் கணக்கு நடத்தியாயிற்று, எனக்குப் பின்னால் சேர்ந்தவள் தலைமையாசிரியை ஆகி எனக்கே லீவு கையெழுத்துப் போடுகிறாள். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை.

இண்டர்வியூ மே 14, புதன்கிழமை, காலை பதினொரு மணி. வீடியோவில். அன்றைக்கு நாங்கள் ஊட்டியில் இருப்போம். வேறு தேதி கேட்டேன். தாளாளர் அம்மா மறுநாள் வெளிநாடு போகிறார், மாற்ற முடியாது என்று அந்த அலுவலகப் பெண் சொன்னாள். "அமைதியான ரூமா இருக்கணும் மேடம். கதவைச் சாத்திக்கணும். உங்களைத் தவிர யாரும் இருக்கக் கூடாது, முக்கால் மணி நேரம்."

சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டுச் சிரித்தேன். எனக்குக் கல்யாணமான பிறகு அப்படியொரு முக்கால் மணி நேரம் அமைந்ததாக ஞாபகம் இல்லை.

இவரிடம் சொன்னேன். நல்ல மனிதர், கோபமே வராது. "அண்ணங்கிட்ட நான் பக்குவமாச் சொல்றேன்" என்றார்.

மே 6, செவ்வாய்

இன்னும் சொல்லவில்லை. பக்குவம் வரவில்லையாம்.

மே 9, வெள்ளி

இவரை நம்பினால் புதன்கிழமை வேனில்தான் இருப்பேன் என்று தெரிந்துவிட்டது. தர்மராஜ் அண்ணனுக்கு நானே போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, "புதன்கிழமை காலையில ஒரு மணி நேரம் உங்க ரூமை எனக்குத் தர்றீகளா அண்ணே?" என்று கேட்டேன்.

தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று பயமாகத்தான் இருந்தது.

"ஒரு மணி நேரம் என்ன தங்கச்சி, நாலு நாளும் நீயே வச்சுக்க" என்றார். "முப்பத்திநாலு வருஷமா என்னைத் தனியாப் போட்டுக் கதவைச் சாத்திடுறாக. அந்தப் பக்கம் மச்சானுகல்லாம் சீட்டு ஆடுற சத்தம் கேக்குது. நான் போனா எல்லாரும் எந்திரிச்சு நின்னு, 'என்ன வேணும் மாப்பிள்ளை'ங்கிறாக. என்னத்தைச் சொல்ல?"

எனக்கு அவரைப் பார்த்துப் பொறாமையாக இருந்ததெல்லாம் வீண். ரூம் கிடைத்தவருக்கும் சந்தோஷமில்லை என்றால் இந்த ஏற்பாட்டால் யாருக்குத்தான் சௌகரியம் என்று இவரிடம் கேட்டேன். "வழக்கம்" என்றார்.

மே 11, ஞாயிறு

மூட்டை கட்டினோம். புளியோதரைக்குப் பொடி, மின் அடுப்பு, பால் பவுடர், ஈரத்துணி காயப்போட நைலான் கயிறு. நாங்கள் போய்விட்டு வந்த ரூமை அந்த லாட்ஜ்காரர்கள் சாம்பிராணி போட்டுத்தான் மறுபடி வாடகைக்கு விடுவார்கள் என்று நினைக்கிறேன்.

என் பெட்டியின் அடியில் பச்சைக் கைத்தறிப் புடவையை மடித்து வைத்தேன். செல்லக்கனி அக்கா பார்த்துவிட்டாள். "ஊட்டிக் குளிருல இதையா கட்டப்போறே?" ஆமாம் அக்கா, போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்றேன்.

மே 12, திங்கள்

இ-பாஸ் காட்டி, மலையேறி, ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று ஊட்டிக்குள் வந்து சேர்ந்தோம். சேர்ந்ததும் வேனை ஒரு கோயில் பக்கம் சரிவில் மறைவாக நிறுத்தச் சொன்னார் பெரியத்தான். வேனைப் பார்த்தால் லாட்ஜ்காரன் உஷாராகிவிடுவான் என்பது அவர் சித்தாந்தம்.

ரிசப்ஷனுக்கு எப்போதும் பார்க்க லட்சணமான ஜோடி ஒன்றைத்தான் அனுப்புவோம். முன்பெல்லாம் சொந்தத்தில் புதிதாகக் கல்யாணமான யாராவது போவார்கள், இப்போது மகனும் மருமகளும். பின்னால் பெரியத்தான் 'அப்பா' வேஷத்தில். நானும் இவரும் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அனுப்பப்பட்டதில்லை. மீதிப் பேர் வேனில் திரையை இழுத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தோம். பார்த்தவர்கள் கள்ளக்கடத்தல் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் லாட்ஜில் பைப்பில் சூடு போதவில்லை. இரண்டாவதில் மெத்தை பள்ளம். மூன்றாவதில் எல்லாம் சரியாக இருந்தது, அதனாலேயே பெரியத்தானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான்காவதுக்குப் போய்விட்டு மூன்றாவதுக்கே திரும்பி வந்தால் அது நிரம்பியிருந்தது. இரட்டையர்களில் ஒருவன் வாந்தி எடுத்தான். அதைப் பார்த்து மற்றவன் எடுத்தான். எட்டாவதாக ஒரு லாட்ஜில் மூன்று ரூம் கிடைத்தது.

"எத்தனை பேருங்க?" என்று கேட்டிருக்கிறான் ரிசப்ஷனில் இருந்தவன்.

"ரூமுக்கு ரெண்டு. கடைசி ரூமுக்கு ஒருத்தர்" என்றாராம் பெரியத்தான், கொஞ்சமும் கூசாமல்.

ஐந்து பேர் கணக்கு எழுதியாயிற்று. மீதி ஏழு பேரை உள்ளே கொண்டுபோகும் வேலை இந்திராணி மதினியுடையது. அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. செல்லக்கனி அக்கா ஒரு ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு, யாருக்கோ காபி கொடுக்கப் போகிறவள் மாதிரி போனாள். நான் போனில் பேசிக்கொண்டே போனேன், எதிர்முனையில் யாரும் இல்லை. இரட்டையர்களை ஒருவன் விட்டு ஒருவனாக அனுப்பினாள் மதினி. ஒரே முகம், ஒரே சட்டை. ஒரே பையன் இரண்டு தடவை உள்ளே போகிறான் என்று ரிசப்ஷன்காரன் நினைத்துக்கொண்டானாம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது.

எனக்குப் பாத்ரூம் கதவோரம்.

மே 13, செவ்வாய்

தாவரவியல் பூங்கா. பூவைவிட ஆட்கள் அதிகம். பெரியத்தான் ஒவ்வொரு பூவுக்கு முன்னாலும் குடும்பத்தை நிறுத்திப் போட்டோ எடுத்தார்.

மத்தியானம் மாப்பிள்ளை ரூமில் போய் செல்போனை வைத்து, வெளிச்சம் சரியாக இருக்கிறதா, சிக்னல் வருகிறதா என்று பார்த்தேன். எல்லாம் நன்றாக இருந்தது. தர்மராஜ் அண்ணன் மேஜையைத் தானே துடைத்து, ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக் கொடுத்தார். பின்னால் சுவரில் தொங்கிய மான் படத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். "மான் உன்னையே பாக்குது, கவனம் சிதறும்" என்றார்.

கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தேன். வெளியே இரட்டையர்கள் ஓடுகிற சத்தம் எங்கேயோ அடுத்த தெருவில் கேட்பதுபோல் கேட்டது. கொஞ்ச நேரம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இண்டர்வியூவுக்குத் தயார் செய்ய நிறைய இருந்தது, செய்யவில்லை.

இவர் இன்னும் அண்ணனிடம் சொல்லவில்லை. இனி சொல்லவும் வேண்டாம், காலையில் எல்லோரும் படகு சவாரிக்குப் போகும்போது தலைவலி என்று சொல்லி இருந்துகொள்கிறேன் என்றேன். இவருக்கு அப்பாடா என்று இருந்தது. முகத்திலேயே தெரிந்தது.

மே 14, புதன்

நிதானமாக எழுதுகிறேன்.

காலையில் பெண்கள் ரூமில் எல்லோருக்கும் காபி. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், மாப்பிள்ளை உட்படப் பன்னிரண்டு பேரும் ஒரே ரூமில். எங்கள் வீட்டில் செருப்புக் காலோடு ரூமுக்குள் போகிற வழக்கம் இல்லை. சொந்த வீடானாலும் சரி, லாட்ஜானாலும் சரி. எல்லோரும் வெளியே கழற்றிவிட்டு வந்திருந்தார்கள். சும்மாவும் விடவில்லை, செல்லக்கனி அக்கா அதையெல்லாம் ஜோடி ஜோடியாகச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தாள். ஒழுங்கு முக்கியம்.

வெந்நீர் தீர்ந்துபோனது எப்படி என்று பார்க்க மாடிக்கு வந்த மானேஜர் அந்த வரிசையைப் பார்த்துவிட்டார்.

கதவைத் தட்டினார். பெரியத்தான் பாதிக் கதவைத் திறந்தார்.

"இந்த ரூம்ல ரெண்டு பேருன்னு எழுதியிருக்கீங்க" என்றார் மானேஜர். "யாருக்குங்க இத்தனை கால்?"

"அது... பார்க்குக்கு ஒண்ணு, கோயிலுக்கு ஒண்ணுன்னு கொண்டாந்தோம்" என்றார் பெரியத்தான்.

"இந்தச் சின்னச் செருப்பு?"

அந்த நேரம் பார்த்து இரட்டையர்கள் இருவரும் பெரியத்தானின் இரண்டு பக்கமும் தலையை நீட்டினார்கள். மானேஜர் ஒருவனைப் பார்த்தார், மற்றவனைப் பார்த்தார். அவருக்கு நிறைய விளங்கிவிட்டது.

அந்த மனிதர் கத்தவில்லை, அதைச் சொல்ல வேண்டும். எல்லோர் பேரையும் ஒழுங்காக எழுதுங்கள், கீழே இரண்டு ரூம் காலியாகிறது, அதையும் எடுத்துக்கொள்ளுங்கள், சௌகரியமாக இருக்கலாம் என்றுதான் சொன்னார். யாராவது நல்லபடியாகச் சொன்னால் பெரியத்தானுக்குத் தாங்காது. "என்னையப் பொய்யன்னு சொன்ன எடத்துல ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். பொய்யன் என்று யாரும் சொல்லவில்லை. பத்து மணிக்குள் பெட்டி, மின் அடுப்பு, கயிறு, ஈரத்துணி எல்லாம் ரோட்டில்.

நான் பச்சைப் புடவையோடு அந்த ஈரத்துணிக்கு நடுவில் நின்றேன். இவரைப் பார்த்தேன். இவர் போகிற பஸ்ஸைப் பார்த்தார்.

"அத்தான், எனக்குப் பதினொரு மணிக்கு இண்டர்வியூ இருக்கு" என்றேன். "வீடியோல. எனக்கு ஒரு ரூம் வேணும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன வேலை, எந்த ஊர், ஏன் சொல்லவில்லை, தம்பிக்குத் தெரியுமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தம்பிக்குத் தெரியும் என்று தம்பி சொல்லவில்லை.

பெரியத்தான் பிரச்சினையைச் சடுதியில் தீர்த்துவிட்டார். "இதுக்கு ரூம் எதுக்கு தாயி? வேன்ல ஓரமா உக்காந்து பேசிரு. நாங்க எல்லாரும் வாயைப் பொத்திக்கிறோம்." சொன்னதோடு நிற்காமல் ஒத்திகையும் பார்த்தார். எல்லோரையும் வேனில் ஏற்றி, சத்தம் போடக் கூடாது என்றார். அது டிரைவர் தும்மியது வரை நீடித்தது. அப்புறம் மதினி சிரித்தாள், அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தேன்.

எதிரே இருந்த லாட்ஜில் ரூம் இருக்கிறது என்று பலகை போட்டிருந்தது. போய்க் கேட்டேன். அவன் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "எத்தனை பேருங்க?"

"ஒருத்திதான்."

"தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் கொடுக்கறதில்லைங்க மேடம்."

"நான் டீச்சர்ப்பா. ஒரு மணி நேரம் போதும்."

ஒரு மணி நேரம் என்று சொல்லியிருக்கக் கூடாது. அவன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை.

அடுத்த லாட்ஜிலும் அதே பதில். ஆதார் அட்டையைக் காட்டினேன், பள்ளி அடையாள அட்டையைக் காட்டினேன். கணவர் வந்து கையெழுத்துப் போட்டால் தருகிறோம் என்றார்கள். பன்னிரண்டு பேர் என்றால் அதிகம், ஒருத்தி என்றால் குறைச்சல். சரியான எண்ணிக்கை என்னவென்று கணக்கு டீச்சரான எனக்கே தெரியவில்லை.

இவருக்குப் போன் போட்டேன். "வாங்க, ஒரு கையெழுத்துத்தான்."

"அண்ணன் ரூம் பாக்கப் போயிருக்கார் ஜெயா. லக்கேஜைப் பாத்துக்கச் சொல்லியிருக்கார். அவர் வந்ததும் ஓடி வந்துடறேன்."

போனை வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. ரோட்டோரம் கேரட் விற்கிற அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் அழவில்லை. இத்தனை வருடம் கூடவே இருந்த மனிதருக்கு என்னைவிட மின் அடுப்பு முக்கியமாகப் போய்விட்டது. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம்.

"தங்கச்சி, நில்லு நில்லு" என்று மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தார் தர்மராஜ் அண்ணன். நான் வேனிலிருந்து இறங்கியதிலிருந்தே ஒவ்வொரு லாட்ஜாக என்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

மூன்றாவது லாட்ஜுக்கு இரண்டு பேரும் போனோம். ரிசப்ஷனில் இருந்த ஆள் வெள்ளை வேட்டியையும் நெற்றி நிறைய விபூதியையும் பார்த்து எழுந்து நின்றான். என் இருபத்தோரு வருட சர்வீஸ் சாதிக்காததை அவர் விபூதி சாதித்துவிட்டது.

"ரெண்டு பேருங்களா?"

"ரூம் என் தங்கச்சிக்கு" என்றார். "எனக்கு ஒரு நாற்காலி போதும். கதவுக்கு வெளியில போடு."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, தலையைச் சரிசெய்து, செல்போனைத் தலையணை மேல் சாய்த்து வைத்தபோது மூன்று நிமிடம்தான் இருந்தது. சிறிய ரூம். ஒரு கட்டில், ஒரு ஜன்னல்.

தாளாளர் அம்மா, முதல்வர், இன்னொரு கணக்கு ஆசிரியர் என்று திரையில் மூன்று பேர். கணக்கு வராத பிள்ளையை எப்படிக் கையாள்வேன், விடுதியில் சண்டை வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டார்கள். நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் வெளியே இந்திராணி மதினியின் குரல் கேட்டது.

"ரூம் போட்டாச்சுன்னா ஒரு வார்த்தை சொல்ல வேணாமா? பிள்ளைக ரெண்டும் ஒண்ணுக்குப் போகணும்ங்குது."

"கீழ இருக்கு, கூட்டிட்டுப் போ" என்றார் அண்ணன்.

"மேல இருக்கறதுக்கு என்ன?"

அப்புறம் செல்லக்கனி அக்கா. "நான் குளிச்சிட்டு ஓடிருவேன். அவ பாட்டுக்குப் பேசட்டும், நான் ஒரு ஓரமாப் போயிருவேன்." கதவு தட்டப்பட்டது. அப்புறம் பெரியத்தான். "மாப்பிள்ளை, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. பெட்டியை மட்டும் உள்ள வச்சிருவோம்."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. போச்சு என்று நினைத்தேன்.

"மச்சான், நான் இந்த வீட்டு மாப்பிள்ளைதானே?"

"என்ன மாப்பிள்ளை இப்படிக் கேட்டுட்டீக!"

"முப்பத்திநாலு வருஷத்துல எனக்கு இது வேணும்னு வாயைத் திறந்து கேட்டிருக்கேனா?"

"இல்ல மாப்பிள்ளை."

"இப்ப கேக்கறேன். தங்கச்சி கதவைத் திறக்கற வரைக்கும் ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. போனா நான் இப்பவே பஸ் ஏறிக் கோவில்பட்டி போயிருவேன்."

பெட்டியைத் திரும்ப இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு பாதியில் போனால் அது ஊருக்குள் பத்து வருடம் பேசப்படும். பெரியத்தானுக்கு அதைவிடப் பெரிய பயம் எதுவும் கிடையாது.

"வெளிய என்னம்மா சத்தம்?" என்றார் தாளாளர்.

பக்கத்து ரூம் என்று சொல்ல வாயெடுத்தேன். காலையிலிருந்து கேட்ட பொய்களே போதும் என்று இருந்தது.

"எங்க வீட்டு ஆளுங்க மேடம். பதினோரு பேர் வெளிய நிக்கிறாங்க. எல்லாருக்கும் பாத்ரூம் போகணுமாம். இந்தச் சத்தத்துக்குள்ளதான் நான் இத்தனை வருஷமா பேப்பர் திருத்தறேன். உங்க ஹாஸ்டல்ல நூத்திருபது பொண்ணுங்கதானே?"

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். முதல்வர் சிரிக்கவில்லை, எதையோ குறித்துக்கொண்டார். கடைசியாக அந்த அம்மா கேட்டார். "இங்க குவார்ட்டர்ஸ்ல நீங்க தனியாத்தான் இருக்கணும். இவ்ளோ பெரிய குடும்பத்துல இருந்து வந்து அப்படி இருக்கறது கஷ்டமா இருக்காதா?"

"முதல்ல கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும் மேடம். பழகிக்கிடுவேன்" என்றேன். முகத்தைச் சிறிது வருத்தமாகவும் வைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்ததும் ஒருத்தர் மேல் ஒருத்தர் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். என்னவாயிற்று என்று ஒருவர் கேட்டார். அது புது மருமகள். மற்றவர்கள் பாத்ரூமுக்கு வரிசை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவர் இரண்டு கையிலும் பெட்டியோடு கடைசியாக வந்து, "நல்லா பண்ணினியா?" என்று கேட்டார். ம் என்றேன்.

மே 15, வியாழன்

திரும்பி வந்தோம். வழியெல்லாம் பெரியத்தான் அந்த மானேஜரைத் திட்டிக்கொண்டு வந்தார். தர்மராஜ் அண்ணன் பின் சீட்டில் இவரோடும் பெரியத்தான் மகனோடும் சீட்டு ஆடிக்கொண்டு வந்தார். யாரும் எழுந்து நிற்கவில்லை, வேனில் தலை இடிக்கும். மனிதர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஜூன் 3, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது.

அலுவலகப் பெண்தான் போனில் சொன்னாள். ஜூன் பதினாறில் சேர வேண்டும். குவார்ட்டர்ஸில் இரண்டு பெட்ரூம், ஹால், சமையலறை, பின்னால் ஒரு கொய்யா மரம். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா மேடம் என்றாள். கதவுகளுக்கெல்லாம் உள்தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை, பாதுகாப்புக்குத்தான் இருக்கும்.

மகளிடம் சொன்னேன். அவள் கத்தின கத்தலில் விடுதியே கூடியிருக்கும். இவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "சந்தோஷம்" என்றார். பிறகு, "இங்க சாப்பாட்டுக்கு என்ன செய்யறது?" என்றார். அண்ணன் வீடு நாலு வீடு தள்ளித்தானே இருக்கிறது, எத்தனை நாள் ஒன்றாகவே இருந்திருக்கிறீர்கள் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

பெரியத்தான் வீட்டில் எனக்குப் பாராட்டு. காராச்சேவு, அல்வா, கழுத்தில் ஒரு சந்தன மாலை. கோவில்பட்டியிலிருந்தும் எல்லோரும் வந்திருந்தார்கள்.

"நம்ம குடும்பத்துல ஒரு வைஸ் பிரின்சிபால்!" என்றார் பெரியத்தான். "அன்னிக்கு ஊட்டில நான் மட்டும் அந்த லாட்ஜைக் காலி பண்ணச் சொல்லலைன்னா இந்த வேலை கெடைச்சிருக்குமா?" எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அல்வா ஒரு சுற்று முடிந்ததும் விஷயத்துக்கு வந்தார். "ஏம்மா, குவார்ட்டர்ஸ்ல எத்தனை ரூம்?"

செல்லக்கனி அக்கா அல்வாத் தட்டைக் கீழே வைத்தாள். மதினி இரட்டையர்களை அதட்டி உட்கார வைத்தாள். "ஏற்காட்டுல டிசம்பர்ல நல்லாருக்குமாமே" என்றாள் யாரையும் பார்க்காமல். பெரியத்தான் விரலை மடக்கத் தொடங்கியிருந்தார். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று.

"ஒண்ணுதான் அத்தான்" என்றேன்.

"ஒண்ணா? ஹாலு?"

"அதுதான் ஹாலும்."

"பாத்ரூமாவது தனியா இருக்கும்ல?"

"விடுதிப் பிள்ளைகளோட பொது. நூத்திருபது பேர்."

பெரியத்தான் விரலை விரித்துக்கொண்டார். வைஸ் பிரின்சிபாலுக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் அவருக்குக் கோபம் வந்தது. செல்லக்கனி அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்து இன்னொரு துண்டு அல்வா வைத்தாள். தர்மராஜ் அண்ணன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு காராச்சேவை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றார். அவர் தோள் குலுங்கியது.

வீட்டுக்கு நடந்து வரும்போது இவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"போன்ல ரெண்டு பெட்ரூமு, ஹாலுன்னுல்ல சொன்னாக?"

"ஆமா."

"பின்ன ஏன் ஒண்ணுன்னு சொன்னே?"

நான் சந்தன மாலையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டேன். கொஞ்ச தூரம் நடந்தார்.

"நான் மட்டும்னா வரலாம்ல?"

"வாங்க. வர்றதுக்கு முன்னால ஒரு போன் போடுங்க" என்றேன். "ரூம் இருக்கான்னு பாத்துச் சொல்றேன்."

இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை எங்கள் வாசல் வந்த பிறகுதான் கவனித்தார்.